ரெவின்யூ ஸ்டாம்பில் உன் கையெழுத்து

மாப்ள,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் கல்யாணத்தில் நான் கரண்ட் பில் ரசீதை மொய் வைத்தேன். பழனி ரோட்டு மண்டபத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் கவரை மிடுக்காகத்தான் நீட்டினேன். மொய் எழுதுகிறவர் பிரித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஏப்பா, இதுல யூனிட்டுதான் போட்டிருக்கு. ரூவா எம்புட்டுன்னு எழுத?”

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கிளம்புகிற அவசரத்தில் பணத்தை டிவி மேல் விட்டுவிட்டு ரசீதைக் கவரில் போட்டிருக்கிறேன். பின்னால் நின்ற என் மச்சினன் ஆயிரத்தொரு ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்தான். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கவரைச் சட்டைப் பையில் மடித்து வைத்தபோது உன் கடை நினைவுக்கு வந்துவிட்டது. செம்பட்டி முக்கில் உன் பஞ்சர் கடை. சொல்யூஷன் வாசம். எண்ணெய்க் கையைத் துடைக்க நீ ஆணியில் மாட்டி வைத்திருக்கும் கிழிந்த பனியன்.

தொண்ணூற்று நாலில் என் மகனுக்கு மூளைக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்ன அன்று நான் முதலில் ஓடி வந்தது அங்கேதான். விஷயத்தை முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை நீ. பழைய டயர் ஒன்றுக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ஆறாயிரத்தை எடுத்துக் கொடுத்தாய். காற்றடிக்கிற மெஷின் வாங்கச் சேர்த்த பணம். “மெஷின் எங்கயும் ஓடிப் போகாது, நீ மொதல்ல போ மாப்ள” என்றாய். பிள்ளை பிழைத்தான். நீ இன்னும் மூன்று வருஷம் லாரி டயருக்கெல்லாம் கைப்பம்பில் காற்றடித்தாய். நான் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பாய். அடுத்த போனஸில் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு மறுபக்க ஜன்னலைப் பார்ப்பேன். எட்டு போனஸ் வந்து போனது. ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை.

பிறகு எனக்கும் சொந்த வீட்டு ஆசை வந்தது. மில்லில் சம்பளச் சான்று வாங்கிக்கொண்டு பேங்குக்குப் போனேன். மனுவில் ‘இதர கடன்கள்’ என்று ஒரு கட்டம். பத்தாவதில் இரண்டு தடவை உட்கார்ந்த மூளை இல்லையா? டீக்கடை பாக்கி, தையல் கூலி, உன் ஆறாயிரம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு அடுத்த மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். “இதெல்லாம் எங்களுக்கு வேணாங்க. வேற பேங்குல லோன் இருந்தா மட்டும் எழுதுங்க” என்று அடித்துக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரி விடவில்லை. “அவங்களுக்கு வேணாட்டி போகுது. ஊர்க் கடன வச்சுக்கிட்டு வீட்டுக்கு வானம் தோண்டக் கூடாது” என்று சீட்டுப் பணத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவள் சொன்னது நியாயம். மச்சினன்தான் கூடவே ஒன்றைச் சேர்த்தான். அவன் ஒருத்தரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தும், மறுபடி கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்களாம். “யாரா இருந்தாலும் கையெழுத்து வாங்கிருங்க அத்தான்” என்றான்.

டீக்கடைக்காரர் பணத்தைப் பார்த்து, “நீ குடுப்பேன்னு நெனச்சிருந்தால்ல எழுதி வச்சிருப்பேன்” என்றார். அவரிடம் கையெழுத்து வாங்கத் தோன்றவில்லை. தையல்காரரிடமும் வாங்கவில்லை. உன்னிடம் மட்டும், ஸ்டாம்பை முன்கூட்டியே ஒட்டிய நோட்டோடு வந்தேன்.

நீ பணத்தை எண்ணவில்லை. “நீ எண்ணிட்டுத்தான வந்திருப்ப” என்று சட்டைப் பையில் திணித்துக்கொண்டாய். நான் நோட்டை நீட்டினேன்.

“என்னடா இது?”

“ஒரு கையெழுத்து. பேங்குல கேக்குறாங்க.”

“பேங்குக்காரனுக்கு என்னயத் தெரியுமா?”

“ரூல்ஸாம் மாப்ள.”

“ரூல்ஸுன்னா போட வேண்டியதுதான்.” பனியனில் கையைத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி உன் பெயரைப் போட்டாய். துடைத்தும் போகாத கறுப்பு, ஸ்டாம்பு ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டது. எதிர்க் கடையில் டீ சொன்னாய். நான் காசு கொடுக்கப் போனபோது கையைப் பிடித்தாய். “வையி. இதுக்கும் ஒரு நோட்டுப் போட்டுறாத.”

வீடு குடி புகுந்த அன்று ஐந்நூற்றொன்று மொய் வைத்துவிட்டு, “கையெழுத்து வேணாமா மாப்ள?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாய். பந்தலே சிரித்தது. அன்றைக்கும் நான் சிரித்து வைத்தேன். அதற்கப்புறம் திண்டுக்கல் வந்தால் சந்தை வேலையை முடித்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுவாய். நேரமில்லை என்பாய். நான் செம்பட்டி வந்தாலும் முக்குக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்வேன். பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். போன வருஷம் நெஞ்சுவலி என்று தகவல் வந்து நான் ஓடி வந்து சேர்ந்தபோது, உன்னைக் கடை வாசலிலேயே கிடத்தியிருந்தார்கள்.

கல்யாணத்தில் பந்தி முடிந்து கிளம்பும்போது உன் வீட்டுக்காரியைத் தேடினேன். மேடைக்கு வராமல் சாமான் அறைப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலைத் தட்டிலிருந்து தேங்காய்ப் பையை எடுத்துக் கொடுத்தாள்.

“சாப்ட்டீகளாண்ணே? செத்த நேரம் இருந்துட்டுப் போகலாம்ல.”

“இருக்கட்டும் தங்கச்சி. நான் ரொம்ப நாளா அந்தப் பக்கம் வரல.”

“அதுக்கென்ன, அவுகதான் எப்பப் பாத்தாலும் ஒங்க பேச்சு. அந்த பேங்குக்காரனத்தான் கடைசி வரைக்கும் வஞ்சாக. ‘என் மாப்ளைய எங்கிட்டயே கையெழுத்துக்கு அனுப்பிட்டானே, மாப்ள எம்புட்டுக் கூசியிருப்பான்’னு. ஒங்கள ஒரு வார்த்த சொன்னதில்ல.”

நீ நிஜமாகவே நம்பினாயா? இல்லை, தெரிந்துகொண்டே வீட்டில் என்னைக் காப்பாற்றி வைத்தாயா? எதுவாக இருந்தாலும் எனக்குத் தலை நிமிரவில்லை. வீட்டுப் பத்திரம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது, தவணை முடிந்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். பீரோவில் பத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் உன் விரல் கறுப்பு பட்ட அந்த நோட்டு இருக்கிறது. அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க?

தேங்காய்ப் பையை வாங்கிக்கொண்டு, “ஆமா தங்கச்சி, அவங்க ரூல்ஸு அப்படி” என்றேன்.

அவளிடம் சொல்லாமல் வந்தது இதுதான்: பேங்குல யாரும் கேக்கல தங்கச்சி, நான்தான் கேட்டேன்.