சின்னராஜ் துணைக்குக் கூப்பிட்டபோது

அன்பு மகள் கிரேஸ்லினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் டப்ளின் குளிரில் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருப்பதால் கம்பெனி பஸ் ஒரு வாரமாகச் சுற்றிப் போகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், சொல்ல வாய் வராதது வேறொன்று, அதனால்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமசுக்கு நம் வீட்டுக்கு வருவானே சின்னராஜ், என் லைனில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன், அவனுக்கு வேலை போய்விட்டது பாப்பா. கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை மறைத்துவிட்டு ஓட்டினான் என்று குற்றம். மறைக்கச் சொன்னது சூப்பர்வைசர், நான் கண்ணால் பார்த்தேன். கம்பெனி விசாரணைக்குத் தன்னோடு வேலை செய்கிற ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போகலாம், அவன் என்னைத்தான் கேட்டான். எனக்கு ரிட்டையராக ஐந்து மாதம் இருக்கிறது, பயந்துவிட்டேன். "எனக்கு சட்டம் பேசத் தெரியாதுப்பா, உனக்காக உபவாசமிருந்து ஜெபம் பண்றேன்" என்றேன். சொன்னபடி உபவாசமும் இருந்தேன், அதுதான் கேவலம். அவன் மாடியில் மூன்று ஆபீசர்களுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்க, நான் கீழே கேன்டீனில் சாப்பிடாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நீட்டின பேப்பரிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், பரிசுத்த ஆவியானவருக்கு வேதத்திலுள்ள தேற்றரவாளன் என்கிற பெயரைப் பற்றிப் பேசினார். கண்ணீரைத் துடைக்கிறவர் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். கிரேக்கத்தில் பாராக்ளேத்தோஸாம், பக்கத்தில் வரும்படி கூப்பிடப்பட்டவர் என்று அர்த்தமாம். அந்தக் காலத்தில் வழக்கில் மாட்டினவன் தன் பக்கம் நிற்கக் கூப்பிடுகிற ஆளுக்கும் அதே பெயராம். யோவான் நிருபத்தில் பரிந்து பேசுகிறவர் என்று வருவதும் அதே வார்த்தையாம். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். ஆண்டவருக்கே அந்தப் பெயர், நானோ கூப்பிட்டும் போகாதவன்.

மறுநாள் லீவு போட்டு அவன் ஊரான அஞ்செட்டிக்கு பஸ் ஏறினேன். சின்னராஜ் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கேஸ் போடு, பார்த்ததை வந்து சொல்கிறேன் என்றேன். "கையெழுத்துப் போட்டப்புறம் எதுக்குண்ணா, உங்களுக்கும் கெட்ட பேரு. எனக்காகப் பட்டினி கெடந்து சாமிகிட்ட வேண்டினீங்களே, அது போதும்ணா" என்றான். குத்தலில்லை பாப்பா, மனசாரச் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்து போ, ஜெபத்தைப் பிறகு பண்ணிக்கொள்ளலாம். கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். எனக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொள்.

உன் அப்பா,
யோபுராஜ்
மத்திகிரி, ஓசூர்