நீ இல்லாமல் நடக்கும் உன் நாடு

என் உயிரான பங்காளி மெய்யப்பா,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் முப்பத்திரண்டு நாள் ஆகிறது. ஆனால் உன் நாடு இன்னும் நடக்கிறது. நான்தான் நடத்துகிறேன். திட்டாதே, முழுவதும் கேள்.

கல்லுக்கட்டி கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து விளையாடினோமே, அதே விளையாட்டுதான். ஆளுக்கொரு கற்பனை நாடு, வாரம் ஒருமுறை ஈமெயிலில் ஆணை. பினாங்கு, டொராண்டோ என்று முகம் தெரியாத பத்துப் பேரைச் சேர்த்துக் கூட்டணி அமைத்தோம். சட்டம் எழுதியது நீ.

உங்கள் நகரத்தார் வழக்கத்தில், கோயில் வரிக்கணக்குக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. அதையே கூட்டணிக்கும் வைத்தாய். இரண்டு நாடு சேர்ந்து ஒரு ஓட்டு, துணைநாடு விலகிப்போனால் அரை ஓட்டு. அதெல்லாம் சரி, புள்ளியை இங்கிலீஷில் 'டாட்' என்றா எழுதுவார்கள்? டாட்டை எப்படிப் பாதியாக வெட்டுவது என்று டொராண்டோக்காரர் கேட்டபோது நீ சிரித்த சிரிப்பில் சென்டர்க்காரர் நம்மை வெளியே அனுப்பினார்.

மூன்று வாரம் பேச்சுமூச்சு இல்லாத நாட்டை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளலாம் என்றும் நீதான் எழுதினாய். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. உன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். உன் பெயரில் ஆணை அனுப்பத் தொடங்கினேன்.

"ஒருத்தன் நாட்டை இன்னொருத்தன் ஆண்டா அது கூட்டணி இல்லடா, களவாணித்தனம். ரெண்டு பேரையும் தூக்கிறணும்" என்று மேசையைத் தட்டிச் சொன்னாயே. அந்தக் களவாணி நான்தான்.

போன வாரம் பினாங்குக்காரர் உனக்கு எழுதியிருந்தார். காய்ச்சல் என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது என்று. குணமாகிவிட்டது என்று உன் பெயரில் பதில் போட்டேன். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் வேறென்ன எழுதியிருக்க முடியும்?

நேற்று நேமத்தான்பட்டிக்குப் போனேன். உன் அம்மா கேட்டார்கள்.

"ஏப்பா சேவியர், அவன் வெளிநாட்டுல யார்யாருக்கோ எழுதிக்கிட்டே இருப்பானே, அவுகளுக்கெல்லாம் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் ஆச்சி. நீங்க சாப்பிடாம இருக்காதீக."

உன் வீட்டிலேயே பொய் சொன்னேன். எத்தனை நாள் இப்படி ஓட்டுவேன் மெய்யப்பா? ஒவ்வொரு வாரமும் உன்னைப் போலவே எழுதப் பார்க்கிறேன். வரவர என்னைப் போலத்தான் வருகிறது.

சனிக்கிழமை என் பெயரிலேயே எழுதிவிடுகிறேன். உன் நாட்டைச் சட்டப்படி பிரித்துக்கொள்ளட்டும், என்னையும் நீக்கட்டும். இது சத்தியம். ஆனால் ஒன்று தெரிந்துகொள். இந்த உலகத்தில் நீ உயிரோடு இருப்பதாக நம்புகிறவர்கள் அந்தப் பத்துப் பேர் மட்டும்தான். அவர்களிடமும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

வேறு வயிற்றில் பிறந்த உன் பங்காளி,
சேவியர்