தம்பி கொடுத்த ரத்தம்

நல்லூர், திருப்பூர்

அன்புள்ள தம்பி மகுடேஸ்வரனுக்கு, அக்கா சுபஸ்ரீ எழுதுவது. எத்தியோப்பியாவில் உன் கம்பெனிச் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் உன்னோடு வேலை செய்யும், லீவு முடிந்து அங்கே திரும்பும் இசக்கிமுத்துவிடம், போன லீவில் யாழினிக்காக நீ கொடுத்துவிட்டுப் போன ரத்தத்தின் ரிப்போர்ட்டோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

என் மகள் யாழினியின் ஜீனில் இருக்கும் அதே மாற்றம், அதே மாதிரி அப்பா வழி, அம்மா வழி என இரண்டு பிரதியிலும், உனக்கும் இருக்கிறதாம். பயப்படாதே. முப்பது வயதில் நீ ஓடியாடி வேலை பார்க்கிறாய். ஆகவே ஐந்து வயதாகியும் அவள் நடக்காததற்கும் பேசாததற்கும் அந்த ஜீன் காரணமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செல்லின் மேல் இருந்து சேதி வாங்கும் ஏதோ ஒரு ஏற்பியைச் செய்கிற ஜீன் அது. எது வந்து தொட்டால் அந்த ஏற்பி வேலை செய்யும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாததால் அதற்கு அனாதை என்று பெயர். மூன்று வருடம் அலைந்து கிடைத்த ஒரே பதில் அந்த ஜீன்தான். சொந்தத்திலேயே கட்டிக்கட்டி வந்த வினை என்று பழி போடவாவது ஒன்று இருந்தது. இனி முதலிலிருந்து தேட வேண்டுமாம்.

கோபித்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்கிறாய் என்று டாக்டர் சிரித்தபோது எனக்கு உன்மேல் ஆத்திரம் வந்தது. உனக்கும் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். உன் மச்சான்தான், "மகுடு நல்லா இருக்கறானல்ல, அதையப் பாரு புள்ள" என்றார்.

வழக்கம்போல் செக்கிங் வேலைக்குப் போகிறேன். பனியனில் சின்ன ஓட்டைகூட என் கண்ணுக்குத் தப்புவதில்லை. கால்தான் கடுக்கிறது.

ரிசல்ட் வரட்டும் என்று ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட கல்யாணத்தை இனியும் தள்ளாதே. பெருமாநல்லூரில் அக்ஷரா வீட்டார் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் நமக்குச் சொந்தமும் இல்லை. தைரியமாகச் சரி சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பிள்ளைக்கு என்ன நோய் என்பார்கள். சொல்ல ஒரு பெயர்கூட இப்போது என்னிடம் இல்லை. அம்மா, "அன்னிக்கு ஒருநாள் புள்ளைய ஊட்டுலயே உட்டுப்போட்டு வந்துரு கண்ணு" என்கிறாள். மாப்பிள்ளைக்கு அக்கா செய்யும் இணைச்சீரின்போது நான் உன் பக்கத்தில் இருப்பேன். அப்போது யாழினி என் இடுப்பில் இருக்கட்டும். இதை நீயே அம்மாவிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் சண்டையாகிவிடும், சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும், சாமி. இதை இப்போது மனதார எழுதுகிறேன்.

உன் அக்கா,
சுபஸ்ரீ