தானாக நின்றுவிடும் என்றேன்

ஜூலை 8, செவ்வாய்

தூறல். பெங்களூரு டிராஃபிக்கில் பீன்யா ஃபேக்டரிக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம். குடையை பஸ்ஸில் விட்டாயிற்று.

தகட்டை அழுத்தும் மூன்றாம் நம்பர் பிரஸ் மெஷின் அடிக்கடி திணறுகிறது. காரணம் தேட, அதை ஓட்டும் கம்ப்யூட்டரில் டிரேஸிங் டூல் போட்டேன். உள்ளே நடப்பதையெல்லாம் வேவு பார்க்கும் டூல். மேனுவலில் தெளிவாக இருந்தது: டூல் கம்பைல் ஆகும்போதே பாதுகாப்பு வரம்பு சேர்ந்துவிடும், கம்ப்யூட்டரில் லோடு ஏறினால் டூல் தானாக நிற்கும், அதுதான் டிஃபால்ட்.

ஆபரேட்டர் முருகேசன் கேட்டான். ஜீவனஹள்ளிக்காரன், பத்து வருஷ சிநேகிதன். "மெஷின ஆஃப் பண்ணிடட்டா மச்சா?"

"வேணாம்டா. ஓடுறப்பதான் தெரியும். லோடு ஏறினா டூல் அதுவே நின்னுடும்."

நிற்கவில்லை. கம்ப்யூட்டர் ஹேங். முருகேசன் தகடு வைக்கக் கை நீட்டியிருந்தான். உள்ளே கை இருக்கிறது என்று சென்சார் சொல்லியும், ஹேங் ஆன கம்ப்யூட்டர் கேட்கவில்லை. பிரஸ் இறங்கியது. வலது கை, நான்கு விரல். என் சட்டையெல்லாம் அவன் ரத்தம்.

9, புதன்

ஆஸ்பத்திரி. விரல்களை எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி செல்வி, வராண்டாவில், எல்லோர் முன்னாலும் செருப்பைக் கழற்றி என்னை அடித்தாள். உதடு கிழிந்தது. தடுக்க வந்த வாட்ச்மேனை நான்தான் தள்ளிவிட்டேன்.

வாங்க: டெட்டால், சோப்பு, குடை.

10, வியாழன்

வெயில். டூலின் சோர்ஸ் கோடைப் பார்த்தேன். பாதுகாப்பு வரம்பு, டிஃபால்ட்: ஆஃப். பழைய வெர்ஷனில் ஆன். மாற்றியவன் மேனுவலைத் திருத்தவில்லை. கையில் கிடைத்தால் கழுத்தை நெரிப்பேன். கீபோர்டை மேஜையில் அடித்து உடைத்தேன். டூல் எந்த செட்டிங்கில் கம்பைல் ஆனது என்று காட்ட ஒரு கமாண்ட் உண்டு. ஒரே வரி. அன்று நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர், கன்னடம் கலந்த தமிழில்: "ஆபரேட்டர் அஜாக்கிரதைன்னு எழுதி சைன் பண்ணுப்பா. சும்னே மேனுவல் கதையெல்லாம் வேணாம்." காலரைப் பிடித்துச் சுவரில் மோதினேன். ஒரு தடவையோடு விடவில்லை. செக்யூரிட்டி இரண்டு பேர் வந்து பிரித்தார்கள். வேலை போகும். போகட்டும்.

11, வெள்ளி

மழை இல்லை. ரிப்போர்ட் எழுதி முடித்தேன். ஆபரேட்டர் மேல் தவறே இல்லை, காரணம் மேனுவல். அனுப்புமுன் முருகேசனிடம் காட்டப் போனேன். மேனுவல் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, சிவப்பில் அடிக்கோடு போட்டு.

இடது கையால் வாங்கிப் பார்த்தான்.

"இதுல தப்பா போட்டுருக்கு. அதான?"

"ஆமாம்டா."

தாளைப் படுக்கையில் வைத்தான்.

"நான் இதையா கேட்டேன் மச்சா? உன்னத்தான கேட்டேன்."