காயாத பூச்சு

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனைவி தெய்வானையை எழுப்பக் காத்தமுத்துவுக்குத் துணிவு வரவில்லை. "தொர ஏரியில ஓட்டுற தண்ணி ஸ்கூட்டர்ல ஒரு ஓட்டைய அடைக்க ரெண்டு மாசமா? முடிச்சுக் குடுத்துட்டு வாங்க, தேயிலத் தோட்டத்துக்கே திரும்பிப் போயிருவோம்" என்று நேற்று அவள் போட்ட சத்தம் திகன ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். காலண்டர் தாளொன்றைக் கிழித்துப் பின்புறம் எழுதினான்.

'ரொட்டி சட்டிக்குள்ள இருக்கு. தொரையோட டிரைவர் வந்தா, மழையில பூச்சு காயலன்னு சொல்லு.'

பேனாவை மூடியவன் மறுபடியும் திறந்தான்.

'மழை இல்ல தெய்வான. ஓட்டைய கொண்டாந்த அன்னைக்கே பைபர் வச்சு அடைச்சிட்டேன். மேல்பூச்சு இறுகுறதுக்கு ஊத்துற ஹார்ட்னரத்தான் வேணும்னே கொறைக்கிறேன். பிசுபிசுன்னே கெடக்கும். சுரண்டிட்டுத் திரும்பப் பூசுவேன்.'

தாளில் இடமில்லை. ஓரமாகப் பொடி எழுத்தில் தொடர்ந்தான்.

'வேலை முடியிற வரைக்கும் நான் அவரு ஆளுன்னுதான் தொர கடுதாசி குடுத்திருக்காரு. அதப் பாத்துத்தான் ஆமி செக்பாயிண்ட்ல என்னைய விடுறாங்க. கடுதாசி இல்லாத ஒன் தம்பிய ஜீப்புல ஏத்திட்டுப் போயி நாலு மாசமாச்சு. படிச்சதும் இத அடுப்புல போட்டுரு.'

செருப்பை மாட்டி வாசல்வரை போனவன் திரும்பி வந்து, கடைசி இடுக்கில் எழுதினான்.

'வேலை சீக்கிரம் முடியணும்னு கதிர்காமத்துக்கு நேந்திருக்கியே, முருகன்கிட்ட மாத்திச் சொல்லிரு. முடியவே கூடாதுன்னு.'