அடுத்தவன் போல்ட்

ஜன. 17, சனி

காணும் பொங்கல். காலையில் நல்ல பனி. கடற்கரைப் பக்கம் போக வழியில்லை, ஊரே அங்கே. மயிலாப்பூர் குளத்தையே சுற்றினேன். நடை ஐந்து கி.மீ. (காய்கறிக்காரியிடம் நின்று பேசியதையும் சேர்த்து.)

வாங்க வேண்டியது: பிரஷர் மாத்திரை, காபித் தூள், வீட்டுக்காரி சரோஜாவுக்கு மிக்சி வாஷர்.

மா. 4 மணிக்கு காஜா போன். இடது கண்ணில் புரை. திங்கட்கிழமை அடையாறில் ஆப்பரேஷன். மகன் துபாயில். "நீ கூட வாடா தாமு." பட்டாளத்தில் நானும் அவனும் அடுத்தடுத்த கட்டில். திரும்பி வந்த பிறகு அவன் தி. நகரில் தையல் கடை போட்டான். வராமல் இருப்பேனா?

போனை வைக்கும்போது சொன்னான்: "இருவத்தாறாந்தேதி வடபழனிக்கு நான் வரலடா."

குடியரசு தினத்துக்கு எங்கள் பிளட்டூன் கிழவர்கள் பதினோரு பேர் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் கூடுவோம். ஒவ்வொருவனும் எழுந்து பேரும், டிரெயினிங்கில் சுமந்த ரைபிள் நம்பரும் சொல்ல வேண்டும். மறந்தவன் எல்லாருக்கும் டீ. காஜா மறந்ததே இல்லை. ஆனால் அவன் உட்காரும்போது எவனாவது சொல்வான்: "நம்பர் கரெக்டு. குறிதான் இல்ல!" நாற்பது வருஷத்துக்கு மேலாக அதே சிரிப்பு. கடைசி டெஸ்டில் அவன் சுட்ட பத்தில் இரண்டுதான் பட்டது. ரைபிளைப் பிடுங்கிக்கொண்டு தையல் செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இன்னும் எத்தினி வருசம் சிரிப்பானுங்க? போதும்" என்றான்.

அன்றைக்கு எனக்குப் பத்துக்கு ஏழு. எங்கள் பயிற்சி ஹவில்தார் உஸ்தாத் கட்டிப் பிடித்தார். (தோளில் தட்டினார்.)

 அவனுக்கு ஏன் இரண்டுதான் பட்டது என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஜன. 18, ஞாயிறு

வெயில். தாளிலாவது எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது பழைய .303. ஒரு குண்டு சுட்டதும் போல்ட்டைக் கையால் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்கினால்தான் அடுத்த குண்டு. ரைபிளில் வெட்டிய நம்பரே போல்ட்டிலும் இருக்கும். உஸ்தாத் தினம் கத்துவார்: அடுத்தவன் போல்ட்டைப் போட்டால் குண்டு உன் பேச்சைக் கேட்காது!

டெஸ்ட் அன்று காலை நானும் காஜாவும் ஒரே கம்பளியில் உட்கார்ந்து துடைத்தோம். நான் சிறுத்தையை விரட்டிய கதை சொல்லிக்கொண்டே, பார்க்காமல் ஒன்றை எடுத்து மாட்டினேன். மிச்சத்தை அவன் மாட்டினான். சாயங்காலம் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கும்போது பார்க்கிறேன்: என் ரைபிளில் அவன் போல்ட், அவன் ரைபிளில் என்னது. சொன்னால் முதுகில் மூட்டையோடு மைதானத்தை இருபது சுற்று. அவன் தண்ணி குடிக்கப் போன நேரம் மாற்றி வைத்துவிட்டேன்.

ஆக அவன் குறி தவறியது என் கையால். அதை வைத்து நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் அவன் என் முகத்திலேயே விழிக்காவிட்டால்? வேறு எவனோடு டீ குடிப்பேன்?

சரோஜாவிடம் சொல்லிப் பார்த்தேன். "இதுவும் அந்தச் சிறுத்தை மாதிரியா?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஜன. 19, திங்கள்

அடையாறு. டோக்கன் 14. ஏசி அதிகம். காஜாவுக்கு பச்சை அங்கி, தலையில் பிளாஸ்டிக் தொப்பி. சொல்லிவிட்டேன், ஒரு மூச்சில்.

அவன் சிரித்தான். "பயப்படக் கூடாதுன்னு கதை வுடறியா?"

"சத்தியமாடா. உன் போல்ட்டு நம்பர் கடைசியில 417. வெட்டுன ஏழுல கால் ஒடஞ்சிருக்கும்."

சிரிப்பு நின்றது. கால் உடைந்த அந்த 7-ஐ அவனையும் உஸ்தாதையும் தவிர ஒருவரும் பார்த்திருக்க முடியாது. "போடா" என்றான். நர்ஸ் கூட்டிக்கொண்டு போனாள்.

கட்டோடு வந்தான். ஆட்டோவில் தி. நகர் வரை ஒரு வார்த்தை இல்லை. நான் ஆட்டோக்காரரிடம் மட்டும் பேசினேன், சியாச்சின் குளிரைப் பற்றி. (நான் போனதில்லை. போனவனோடு ரயிலில் வந்திருக்கிறேன்.)

ஜன. 20, செவ்வாய்

மேகம். கட்டுப் பிரிக்கும் நாள். கூப்பிடவில்லை, நானே போய் நின்றேன்.

இடது கண் பளிச். டாக்டரம்மா வலதையும் பார்த்தார். "ஐயா, இது பிறவியிலேயே மங்கல் கண்ணு. இதுல எப்பவுமே சரியாத் தெரிஞ்சிருக்காதே?"

காஜா வாசலைப் பார்த்தான், மிலிட்டரி போலீஸ் நிற்கிற மாதிரி. "ஆமாம்மா" என்றான், மெதுவாக.

எதிர் டீக்கடையில் கொட்டினான். ஆள் எடுக்கும்போது முன்னால் நின்றவர்கள் எழுத்துப் பலகையைப் படிக்கப் படிக்க, இவன் மனப்பாடம் பண்ணி ஒப்பித்திருக்கிறான். தெரிந்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்று வீட்டில் பீவியிடம்கூடச் சொல்லவில்லையாம்.

"குறி வெக்கறது வலது கண்ணுலடா. குறிப் பலகையே எனக்கு வெள்ளைக் கர்ச்சீப்பாட்டம் தெரிஞ்சிது. எந்த போல்ட்டு போட்டா இன்னா?"

"நேத்து ஏன்டா பேசல?"

"நீ நெஞ்சத் தொறந்து சொல்ற, நான் மறைச்சிக்கினு குந்திகினு கீறேன். வெக்கமா பூட்ச்சு."

மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு டீ, மூன்று பஜ்ஜி. பிரஷர் மாத்திரை வாங்க மறந்தேன். தேவையும் படவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அடுத்தவன் போல்ட்டை வைத்துக்கொண்டே பத்துக்கு எட்டு அடித்திருக்கிறேன்!

ஜன. 26, திங்கள்

வெயில். வடபழனி. காஜாவை இழுத்துக்கொண்டு போனேன், புதுக் கறுப்புக் கண்ணாடியோடு. எழுந்தான், பேர், நம்பர், பிசகில்லை. உட்காரும்போது பின்னாலிருந்து ஒருவன்: "நம்பர் கரெக்டு..."

நான் எழுந்தேன். "இருங்கடா. அன்னிக்கு போல்ட்டை மாத்துனவன் நான்." கம்பளி, சிறுத்தை, கிடங்கு, எல்லாம் சொன்னேன். கண் விஷயம் மட்டும் வாய் திறக்கவில்லை. அது அவனுடையது.

 எல்லாரும் என் மேல் பாய்ந்தார்கள். "அடப்பாவி தாமு!" "பாய் மேல தப்பே இல்லியா?" பதினோரு டீ என் தலையில். இனி வருஷா வருஷம் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும்.

"ஆனா ஒண்ணு கவனிங்க, அடுத்தவன் போல்ட்டுல நான் பத்துக்குப் பத்து!" என்றேன்.

காஜா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். "டேய், ஆறுடா."

"ஏழு."

"ஆறு. இப்பதான் எனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே."

சரி, ஆறரை.