புகைக்குழாயில் ஒட்டியிருந்த கோணி நார்

என் அன்புச் சுடலைமுத்து,

உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். முப்பது வருடம் வகுப்பில் ஓயாமல் பேசியவனுக்கு, உன் மனைவி பேச்சியம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஓசூரில் நாம் அடுத்தடுத்து குடியிருந்த லைன் வீடுகளை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். இப்போது எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு. அன்றைக்கு கேஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். மரப்பெட்டி செய்யும் பட்டறைகளிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் கிடைக்கும். லைன் முழுக்க மரத்தூள் அடுப்புதான், லைன் முழுக்கப் புகைதான். என் மனைவி கமலாவுக்கு இளைப்பு. அவள் இருமுவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தவன் நீ. திருநெல்வேலிப் பக்கமிருந்து ஓசூர் கம்பெனிக்கு வெல்டராக வந்தவன். கமலாவை அக்கா என்றாய். என்னை மட்டும் கடைசிவரை சார்வாள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகர டிரம் ஒன்றை வெட்டி, மூடியும் புகைக்குழாயும் வைத்து அடுப்பு செய்து வந்தாய். நடுவில் உருட்டுக்கட்டையை நிறுத்தி, கீழ்வாயில் இன்னொரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளை இடித்து இறுக்கினாய். கட்டைகளை உருவியதும் உள்ளே முழங்கை மாதிரி ஒரு வழி. கீழே பற்றவைத்தால் தீ அந்த வழியாக ஏறும். கைவைக்காமல் மூன்று மணி நேரம் எரியும். குழாயைச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோய், கூரைக்கு மேலே ஏற்றி, மழைக்கு ஒரு தொப்பி மாட்டினாய். சூடு கூரைப் பலகையில் படக்கூடாதென்று குழாயைச் சுற்றிக் களிமண் பூசினாய்.

பிறகு கமலாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஈரத்தூள் போடக்கூடாது. தூள் மூட்டை அடுப்புப் பக்கம் இருக்கக்கூடாது. சாம்பல் நன்றாக ஆறிய பிறகுதான் அள்ள வேண்டும். வாரம் ஒருமுறை குழாயைத் தட்டிக் கரியை எடுக்க வேண்டும். ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். கடைசியாக என் பக்கம் திரும்பினாய்.

"கொழாய மட்டும் எதுக்காவவும் அடச்சிராதீய, சார்வாள். புகைன்னா கண்ணு எரியும், வெளிய ஓடிரலாம். கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு பாத்துக்கிடுங்க, அது ஆளையே சாச்சுப்புடும்."

"எனக்கே சயின்ஸ் பாடமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான்.

அதற்குப் பிறகு கமலா ராத்திரியில் தூங்கினாள். அதைப் பார்த்து இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் உன்னிடம் கேட்டு வாங்கி வைத்தார்கள். தெருவில் உனக்கொரு பெயர் வந்தது.

மார்கழி பிறந்தது. அடுப்பு எரியாத நேரத்தில் குழாய் வழியே குளிர்காற்று சமையலறைக்குள் இறங்கியது. ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கு வெளியே இருந்த குழாயின் இணைப்பைக் கழற்றி, கிழிந்த கோணியைச் சுருட்டித் திணித்து, மறுபடி மாட்டிவிட்டேன். பற்றவைக்கும் முன் எடுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. இரண்டு நாள் எடுத்தேன். மூன்றாம் நாள் காலை அரைப்பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்ததில் கோணியை மறந்துவிட்டேன்; கமலா அடுப்பைப் பற்றவைத்தாள். "குளிருது, ஜன்னலச் சாத்திக்க" என்றும் நானே சொன்னேன். எரிகிற மெழுகுவத்திமேல் டம்ளரைக் கவிழ்த்து, காற்றில்லாவிட்டால் தீ என்ன ஆகும் என்று வருடந்தோறும் மாணவர்களுக்குக் காட்டியவன் நான். ஒரு வீட்டையே டம்ளராகக் கவிழ்த்து, மனைவியை உள்ளே வைத்தேன்.

பாத்திரம் விழும் சத்தம் கேட்டு ஓடினேன். கமலா மயங்கிக் கிடந்தாள். தூள் காய்ந்திருந்ததால் புகைகூடப் பெரிதாக இல்லை. அவளை வெளியே இழுத்துப் போட்டோம். பக்கத்து வீட்டார் ஆட்டோவில் ஏற்றினார்கள். அவளுக்கு மாற்றுப்புடவை எடுக்கப் போவதாகச் சொல்லித் திரும்பி, முதலில் கோணியைத்தான் உருவினேன். பள்ளிக்கூடப் பையில், விடைத்தாள்களுக்கு அடியில் வைத்தேன்.

கமலா பிழைத்துக்கொண்டாள். அன்று மாலை வீட்டு ஓனர் எல்லோரையும் வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்டார். "வச்சவனத்தான் கேக்கணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமாயிருந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த நீ ஏணி போட்டு ஏறினாய். குழாயைக் கழற்றி வெகுநேரம் பார்த்தாய். பிறகு என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாய்.

"சார்வாள், உள்ள கோணி நாரு ஒட்டியிருக்கு. குருவி கொண்டாந்திருக்குமோ?"

"இருக்கும்," என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். தலையாட்டிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனாய். சுடலை, அந்தக் குருவியை நீ எனக்கு எதற்காகக் கொடுத்தாய்? நான் உண்மையைச் சொல்வதற்கு ஒரு வழியாகவா, தப்பித்துப் போவதற்கா?

அந்த வாரமே மூன்று வீட்டிலும் உன் அடுப்பைத் தூக்கி எறிந்தார்கள். ஓனர் உன்னைக் காலி செய்யச் சொன்னார். நீ குருபரப்பள்ளிக்குப் போனாய். உன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தபோது, "என்னக் கொல்லப் பாத்த கை, அந்த வீட்டுக்கு நான் வரல" என்றாள் கமலா. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பத்திரிகையை மடித்து அலமாரியில் வைத்தேன்.

காரியம் முடிந்து கிளம்பும்போது பேச்சியம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். வெந்நீர் போட நீ வைத்திருந்த அடுப்பு அங்கே இருந்தது. அதே களிமண் பூச்சு, அதே தொப்பி.

"அதுக்கப்பறம் யாருக்கும் அடுப்பு செஞ்சு குடுக்கல, அண்ணாச்சி. கேட்டா, எங்கைக்கு அது ஆவாதுன்னுருவாக. நீங்க படிச்சவுக. இது சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பத்தவைக்கவே பயமா இருக்கு."

குனிந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "பயப்படாதம்மா, சரியாத்தான் வச்சிருக்கான்" என்றேன். அதோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

நேற்று கமலாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அது இருந்தவரைக்கும் சொல்லல?"

அவள் கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். இன்று காலை புடவை மாற்றிக்கொண்டு வந்து, எத்தனை மணிக்கு பஸ் என்று மட்டும் கேட்டாள்.

சாப்பிட்டதும் இரண்டு பேரும் கிளம்புகிறோம். பேச்சியம்மாவிடம் சொல்லுவேன். திட்டினால் நின்று கேட்பேன். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்லுவேன். அந்த லைனில் இருந்த மற்ற மூன்று குடும்பங்களையும் தேடிப்போவேன். பிறகு இந்தக் கடிதத்தை, ஒரு வரியும் குறைக்காமல், அச்சுக்குக் கொடுப்பேன். உன் வேலையில் பழுதில்லை, அடைத்தவன் நான் என்று உன்னை அறிந்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும்.

அக்காவைக் கட்டிய முறையில்,
உன் அத்தான்